நிலம் விடுபட்ட படங்கள்

ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பிய படத்தில் விமானத்தின் அளவுக்கு மணலும் இருக்கிறது. 1903 டிசம்பர் 17, காலை 10.35 மணி, வட கரோலினாவின் கில் டெவில் ஹில்ஸ் மணல்வெளி. படத்தை எடுத்தவர் ஜான் டி. டேனியல்ஸ், அங்கிருந்த கடலோர உயிர்காப்பு நிலையத்தின் ஊழியர். அதற்குமுன் கேமராவைக் கையாண்டதே இல்லை. ஆர்வில் ரைட்தான் முக்காலியை நிறுத்தி, தண்டவாளத்தின் முனையை நோக்கி லென்ஸைத் திருப்பி, விமானம் அங்கே வரும்போது ரப்பர் குமிழை அழுத்தச் சொல்லிவிட்டுப் போனார். 12 நொடிகளில் 120 அடி பறந்து இறங்கியது விமானம். படம் சரியாக விழுந்ததா என்பது ஊருக்குத் திரும்பிக் கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்த பிறகே தெரிந்தது. கூடவே ஓடிவந்து கையை விட்டுவிட்ட வில்பர், மரத் தண்டவாளம், இறக்கை நுனியைத் தாங்கியிருந்த சிறு பெஞ்சு, மண்வெட்டி, மணலில் ஆட்களின் காலடித் தடங்கள் எல்லாம் அந்தப் படத்தில் உண்டு. இன்றைய விமானப் படக்காரரிடம் கொடுத்தால் முதல் வேலையாக இவற்றையெல்லாம் வெட்டிவிடுவார். வெட்டினால் மிஞ்சுவது வெளிறிய வானத்தில் துணி போர்த்திய ஒரு சட்டம். அது பறக்கிறதா, கயிற்றில் தொங்குகிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. பறந்ததற்கான சான்று விமானத்துக்கும் மணலுக்கும் நடுவே தெரியும் சிறு இடைவெளிதான். மணல் போனால் சான்றும் போய்விடும்.

அதற்குப் பின் வந்த நூற்றிருபது ஆண்டுகளில் விமானப் படக்கலை வளர்ந்த திசை இதற்கு நேரெதிர். விமானக் கண்காட்சிகளுக்கும் போர்ப் பயிற்சிகளுக்கும் நீண்ட லென்ஸோடு போகிறவர்கள் நல்ல படம் என்று மெச்சுவது பெரும்பாலும் ஒரே வகைப் படத்தைத்தான்: துடைத்துவைத்த வானம், அதில் கூர்மையாக ஒரு விமானம், ஃபிரேமுக்குள் வேறெதுவும் கிடையாது. மின்கம்பி, மரக்கிளை, கூடாரம், இன்னொருவரின் தலை ஆகியவை குற்றங்கள். இந்த ரசனை வெறும் அழகியல் விருப்பம் என்று எனக்குத் தோன்றவில்லை. நிலத்தை விலக்கும்போது அதோடு சேர்ந்து இடமும் தேதியும் இலக்கும், விமானத்துக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியும் விலகிவிடுகின்றன. போர்விமானம் என்பது நிலத்தில் எதையோ செய்வதற்காக உருவாக்கப்பட்ட பொருள். நிலமில்லாமல் அதைக் காட்டும் படம் அந்தப் பொருளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

இந்தத் தொழிலின் நுட்பத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அங்கேயே என் வாதத்துக்குப் பாதி ஆதாரம் இருக்கிறது. பழைய விமானத்தைப் படமெடுக்கிறவர்கள் புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் முதல் பாடம், புரொப்பெல்லரை உறைய விடாதே என்பது. ஒரு புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடியில் அது 6,000 பாகை திரும்புகிறது. ஷட்டர் வேகம் 1/2000 நொடி என்றால் அந்த நேரத்தில் இதழ் 3 பாகைதான் நகரும். படத்தில் அது நின்றுபோனதாகவே தெரியும், விமானம் கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் பொம்மைபோல் ஆகிவிடும். 1/125 நொடியில் 48 பாகை, ஓரளவு கலங்கல். மூன்று இதழ் கொண்ட புரொப்பெல்லர் முழு வட்டமாகப் பரவித் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வோர் இதழும் 120 பாகை திரும்ப வேண்டும். அதற்கு 1/50 நொடி தேவை. 500 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தைத் தொடர்ந்து உடம்பைத் திருப்பியபடி 1/50 நொடியில் எடுப்பது சாமான்யக் காரியமில்லை. எடுத்தவற்றில் பெரும்பாலானவை கலங்கிப்போகும். தெரிந்தே இந்த இழப்பை ஏற்கிறார்கள். காரணம், வெற்று வானத்தில் விமானம் பறப்பதற்கான அடையாளம் வேறெதுவும் இல்லை. ஜெட் விமானம் என்றால் இந்த வசதியும் இல்லாததால் இறக்கையின் மேல் திரளும் ஈரப்பதப் புகைக்கும் பின்புறத் தீநாக்குக்கும் காத்துக்கிடக்கிறார்கள். நிலத்தை வெளியே தள்ளியவர்கள், நிலம் இலவசமாகத் தந்துகொண்டிருந்த அசைவை வேறு வழிகளில் சிரமப்பட்டுத் திரும்ப வாங்குகிறார்கள் என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வானம் மட்டும் தெரிவதற்குப் படக்காரரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை என்பார்கள். பார்வையாளர் நிற்கும் கோடு நிர்ணயிக்கப்பட்டது. அங்கிருந்து கேமராவை மேலே திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. உண்மைதான். ஆனால் அந்தக் கோடு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1952 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் டி ஹாவிலண்ட் 110 விமானம் வானிலேயே உடைந்து, அதன் இன்ஜின்களில் ஒன்று கூட்டத்துக்குள் விழுந்தது. விமானி ஜான் டெரி, உடன் சென்ற டோனி ரிச்சர்ட்ஸ், பார்வையாளர்கள் 29 பேர் என 31 பேர் இறந்தார்கள். (ஓடுபாதையைச் சுத்தம் செய்துவிட்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள், விமானி நெவில் டியூக் அடுத்த விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். அந்தக் காலத்து மனத்திண்மை என்று இதைப் பாராட்டுகிறவர்கள் இன்றும் உண்டு.) கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது, இத்தனை தூரம் விலகிப் பறக்க வேண்டும் என்ற விதிகள் இதுபோன்ற சாவுகளிலிருந்து பிறந்தவை. ஆக, வானம் மட்டும் தெரியும் அந்த இடத்தில் படக்காரரை நிறுத்தியிருப்பதே நிலத்தில் நடந்த ஒன்றுதான்.

பழைய விமானங்களுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. அவற்றின் படங்கள் 1940-ஐ நம் கண்முன் நிறுத்துவதாகப் பாவனை செய்கின்றன. பிரிட்டிஷ் விமானப் படையின் நினைவுப் பறப்பு அணியில் உள்ள லங்காஸ்டர் பி.ஏ.474 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது 1945-இல் கட்டப்பட்டது, தூரக்கிழக்குப் போருக்காக. போகும் முன்னே போர் முடிந்துவிட்டது. பிறகு 82-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்து ஆப்பிரிக்க நிலப்பரப்புகளை வான்வழியே படமெடுத்து வரைபடம் தயாரிக்க உதவியது. அதாவது, தன் பணிக்காலத்தில் நிலத்தைப் படமெடுத்த விமானம் அது. இன்று அது அவ்வப்போது வேறு வேறு லங்காஸ்டர்களின் எழுத்தும் சின்னமும் பூசிக்கொண்டு, ஜெர்மன் நகரங்களின் மேல் குண்டுபோட்ட விமானங்களாகப் பறக்கிறது. அந்த வேடத்தில்தான் ஆயிரக்கணக்கான படங்களில் இருக்கிறது. ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ (1969) திரைப்படத்தில் மெஸ்ஸர்ஷ்மிட்டாக வந்த விமானங்கள் ஸ்பெயினில் தயாரான ஹிஸ்பானோ புச்சோன்கள். அவற்றுக்குள் இருந்தது ஸ்பிட்ஃபயரின் அதே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். கண்காட்சிகளில் ஜெர்மன் எதிரியாக இன்றும் அவை வந்துபோகின்றன. எதிரி பிரிட்டிஷ் இன்ஜினில் உறுமிக்கொண்டு வருகிறான். அமெரிக்காவில் ஜப்பானிய ஜீரோவாக நடிப்பவற்றில் பல, 1970-இல் வந்த ‘டோரா! டோரா! டோரா!’ படத்துக்காக உருமாற்றப்பட்ட டெக்ஸன் பயிற்சி விமானங்கள். இந்திய விமானப் படையின் பழம்பெரும் விமானப் பிரிவில் 2018-இல் சேர்ந்த டகோட்டாவின் எண் வி.பி.905, 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவு வீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. எண் அதுவே, விமானம் வேறு.

வேடம் கட்டுவதில் தவறில்லை. கூத்தில் அர்ச்சுனனாக வருபவர் அர்ச்சுனன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அது தெரிவதற்குக் காரணம் களரி. விளக்கும் திரையும் சுற்றி உட்கார்ந்த சனமும் இருப்பதால்தான் வேடம் வேடமாகத் தெரிகிறது. விமானப் படத்தில் களரியை வெட்டிவிடுகிறோம். ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஊழியர், எரிபொருள் வண்டி, தீயணைப்பு வண்டி, ஐஸ்கிரீம் கடை வரிசை, மடக்கு நாற்காலிகளில் முதியவர்கள் ஆகியவை ஃபிரேமில் இருந்தால் அது 2020-களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் படமாக இருக்கும். அந்தப் படம் உண்மை சொல்லும். அவற்றை நீக்கினால் அது 1940-இன் போலி ஆவணமாகிவிடுகிறது, இரண்டு காலத்துக்கும் விசுவாசமில்லாமல். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்டு வார்டன் என்ற சிற்றூரில் ஷட்டில்வொர்த் சேகரிப்பின் விமானங்கள் இருக்கின்றன. 1909-இல் செய்யப்பட்ட பிளேரியோ ஒன்று அங்கே இன்னும், காற்று அடங்கிய மாலைகளில், ஓடுபாதைக்கு மேல் சிறிது தூரம் தத்திப் பறக்கிறது. அதைப் படமெடுப்பவர்கள் விரும்பியோ விரும்பாமலோ புல்லையும் மரங்களையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விமானம் அதற்குமேல் உயராது. நான் பார்த்த பழைய விமானப் படங்களில் மனத்தில் நிற்பவை பெரும்பாலும் அந்த வகை. பிளேரியோவின் பலவீனம் படத்தைக் காப்பாற்றிவிடுகிறது.

இதற்கு வரும் வலுவான மறுப்பு அன்பிலிருந்து வருகிறது. விமானங்களைப் படமெடுக்கும் இந்த மனிதர்கள் போரை விரும்புகிறவர்கள் இல்லை, இயந்திரத்தை நேசிப்பவர்கள். மெர்லின் இன்ஜினின் ஓசையில் அவர்கள் கேட்பது குண்டுவீச்சை அல்ல, உலோகத்தை இத்தனை நேர்த்தியாக வார்க்க முடிந்த கைகளை. அவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டும் தரும் நன்கொடையும் இல்லாவிட்டால் இந்த விமானங்களில் பல எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். இதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. ரிவெட் வரிசையையும் இறக்கையின் வளைவையும் படமெடுக்க வேண்டும். எண்பது வயது விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் மெக்கானிக்கின் வேலை எந்தக் கைவினைக்கும் குறைந்ததில்லை. ஆனால் அந்த அன்புக்கு உரிய படம் பட்டறையில் இருக்கிறது, எண்ணெய்க் கறை படிந்த கைகளில் இருக்கிறது. வெற்று வானத்துப் படத்தில் மெக்கானிக் இல்லை, விமானிகூட ஒரு தலைக்கவசமாகச் சுருங்கிவிடுகிறார். இயந்திரத்தின் மேலுள்ள அன்பைக் காரணம் காட்டி அந்த இயந்திரத்தை உருவாக்கியவர்களையும் பராமரிப்பவர்களையும் வெளியே நிறுத்தும் படத்தை ஆதரிக்க முடியாது.

நிலத்தை உள்ளே விடுவது என்றால் எப்படியாவது விடுவது என்று பொருளில்லை. 1976 அக்டோபரில் டெக்ஸஸ் மாநிலத்தின் ஹார்லிஞ்சன் நகரில், அன்று கான்ஃபெடரேட் ஏர் ஃபோர்ஸ் என்று பெயர்வைத்திருந்த பழைய விமான ஆர்வலர் அமைப்பு (2002-இல் பெயரை மாற்றிக்கொண்டது) ஒரு நிகழ்ச்சி நடத்தியது. ஹிரோஷிமாவில் குண்டுபோட்ட விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ் ஒரு பி-29 விமானத்தை ஓட்டிவர, தரையில் வெடிமருந்து வைத்துக் காளான் புகையை எழுப்பினார்கள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஜப்பான் கண்டித்தது, அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. அன்றைக்கு நிலம் ஃபிரேமுக்குள் இருந்தது, இலக்கும் இருந்தது. ஊர் மட்டும் இல்லை. விமானக் கண்காட்சி என்ற வடிவத்துக்குள் ஒளிந்திருக்கும் தர்க்கம் அதன் கடைசிவரை போனால் எங்கே நிற்கும் என்பதை அந்தப் பகல் காட்டிவிட்டது. ஆளில்லாத நிலத்தின் மேல் புகை எழும் காட்சி வெறும் அலங்காரம். என் வாதத்துக்கு இது ஒரு திருத்தம்: நிலம் என்று நான் சொல்வது பின்னணித் திரையை அல்ல.

வேல்ஸ் நாட்டின் மாக் லூப் பள்ளத்தாக்குகளுக்கும் இதே திருத்தம் பொருந்தும். டோல்கெத்லாவுக்கும் மஹன்த்லெத்துக்கும் நடுவே உள்ள அந்த மலைச்சரிவுகளில் நின்றால், 250 அடி உயரத்தில் பயிற்சிக்காகப் பறந்து வரும் ஜெட்டுகளைக் குனிந்து பார்க்கலாம். விமானத்தின் முதுகும் விமானியின் முகமும் பச்சைச் சரிவின் பின்னணியில் கிடைப்பது உலகில் மிகச் சில இடங்களில்தான் என்பதால் மழையிலும் ஆட்கள் ஏறிக் காத்திருக்கிறார்கள். இங்கே கிடைக்கும் படங்களில் நிலம் நிறையவே இருக்கிறது, ஆனால் அழகான நிறமாக மட்டும். வேறொரு நாட்டுப் பள்ளத்தாக்கில் ரேடாருக்கு அடியில் நுழைவதற்கான ஒத்திகை அது என்ற செய்தியும், கீழே ஆடு மேய்ப்பவரின் காதுக்கு என்ன ஆகிறது என்ற செய்தியும் அந்தப் பச்சையில் இல்லை. இதேபோன்ற இன்னோர் இடம் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் இருந்தது, படக்காரர்கள் ஸ்டார் வார்ஸ் பள்ளத்தாக்கு என்று அழைத்த இடம். 2019 ஜூலை 31 அன்று கடற்படையின் எஃப்-18 ஒன்று அங்கே பாறையில் மோதியது. விமானி இறந்தார், மேலே பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேர் காயமடைந்தார்கள். பின்னணி என்று நினைத்திருந்தது பாறை என்று அன்று தெரிந்தது.

போர்ப் பயிற்சிப் படங்களின் சிக்கல் வேறு வகை. பயிற்சி என்பதே போரிலிருந்து மனிதச் சாவைக் கழித்த வடிவம். ஆகவே அதன் படம் போரின் படமாக மாறுவதற்கு எப்போதும் தயாராக இருக்கிறது. 1916-இல் பிரிட்டனில் கோடிக்கணக்கானோர் பார்த்த ‘தி பேட்டில் ஆஃப் தி சோம்’ ஆவணப்படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி களத்துக்குப் பின்னால் ஒரு பயிற்சிப் பள்ளியில் எடுக்கப்பட்டது. அதே போரில் ஆஸ்திரேலியப் படக்காரர் ஃபிராங்க் ஹர்லி பல நெகட்டிவ்களை ஒட்டி ஒரே போர்க்காட்சியாக்கினார். அது போலி என்று வரலாற்றாளர் சார்லஸ் பீன் சண்டை பிடித்தார். 2008 ஜூலையில் ஈரான் வெளியிட்ட ஏவுகணைப் பயிற்சிப் படத்தில் நான்கு ஏவுகணைகள் மேலெழும்பின. ஒன்று கணினியில் நகலெடுத்து ஒட்டப்பட்டது என்று விரைவிலேயே தெரிந்தது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் படம் போலி என்பதில் பெரிய வியப்பில்லை. அந்தப் பயிற்சியே படத்துக்காகத்தானே நடந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் இந்திய விமானப் படை நடத்தும் வாயு சக்தி போன்ற நிகழ்ச்சிகளிலும் அழைக்கப்பட்ட பார்வையாளர்களும் கேமராக்களும் உண்டு. குண்டு விழும் இடத்தில் பழைய வண்டிகளும் போலி ஓடுபாதையும் இருக்கும். வெடிப்பு நிஜம், இலக்கு ஒப்பனை. அதில் கிடைக்கும் படம் எந்த நாட்டு ராணுவத்துக்கும் பிடிக்கும். துல்லியம் தெரியும், விளைவு தெரியாது.

இந்தக் களத்தில் வேறு விதமாகவும் இயங்கலாம் என்று காட்டியவர் ஆன்-மை லே. 1960-இல் சைகோனில் பிறந்து 1975-இல் அகதியாக அமெரிக்கா போனவர். 2003, 2004-இல் கலிஃபோர்னியாவின் ட்வென்டிநைன் பாம்ஸ் தளத்தில், ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போகவிருந்த மரைன் வீரர்களின் பயிற்சியைப் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியது முக்காலியில் நிற்கும் பெரிய வகைக் கேமரா, கறுப்பு வெள்ளை ஃபிலிம். வேகமான எதையும் அதில் துரத்த முடியாது. ஆகவே அவர் பின்வாங்கி நிற்கிறார். பாலைவனம் ஃபிரேமை நிரப்புகிறது, டாங்கிகள் எறும்பு வரிசையாகச் சுருங்குகின்றன, ராணுவக் குடியிருப்புக் கட்டடங்களின் சுவரில் அமெரிக்காவைத் திட்டும் வாசகங்களை அமெரிக்க வீரர்களே எழுதிவைத்திருப்பது தெரிகிறது. இது ஒத்திகை என்பதை அந்தப் படங்கள் எங்கேயும் மறைப்பதில்லை; ஒத்திகை என்று தெரிவதால்தான், போருக்கு முன் ஒரு நாடு எதிரியை எப்படிக் கற்பனை செய்துகொள்கிறது என்பது படத்தில் பதிவாகிறது. நீண்ட லென்ஸ் துப்பாக்கியின் முனைத்தீயைக் கொண்டுவந்திருக்கும். எழுதப்பட்ட அந்தச் சுவரைக் கொண்டுவந்திருக்காது.

‘எல்லாவற்றிலும் அரசியலைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டுமா, வானத்தில் பறக்கும் ஒன்றைச் சும்மா ரசிக்கக் கூடாதா’ என்று கேட்பவருக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டலாம். தொண்ணூறுகளில் அங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு விமானங்களைப் பற்றி இருந்த அறிவு எந்தக் கண்காட்சி ரசிகருக்கும் குறைந்ததல்ல. பொம்மர், சகடை, சியாமாசெட்டி, ஹெலி, பின்னாளில் கிபிர் என்று சத்தத்தைக் கேட்டே வகை பிரித்தார்கள். எது எவ்வளவு தாழ வரும், எது சுற்றிவிட்டுத் திரும்ப வரும், பங்கருக்கு ஓட எத்தனை நேரம் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தபோது அந்த அறிவும் உதவவில்லை. விமானத்தை அடையாளம் காணும் பொழுதுபோக்கின் வேரும் இதே இடத்தில்தான் இருக்கிறது: பிரிட்டனில் ‘தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்’ என்ற இதழ் தொடங்கியது 1941-இல், வருவது நம் விமானமா எதிரியுடையதா என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்த காலத்தில். நிழலுருவப் படங்களை மனப்பாடம் செய்தவர்கள் உயிருக்காகச் செய்தார்கள். போர் முடிந்து கீழேயிருந்த ஆபத்து நீங்கியது, மேலே பார்க்கும் பழக்கம் மட்டும் தங்கியது. ரசிப்பவர் ரசிக்கட்டும், ஆனால் அரசியலற்ற தூய காட்சி என்ற நிலை, குண்டு விழாத ஊரில் நிற்பவருக்கு மட்டும் வாய்த்த வசதி என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போரில்லாத ஊரிலும் நிலம் அத்தனை எளிதாக விலகுவதில்லை. 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரமில் ஹாக்கர் ஹன்டர் விமானம் வளையம் அடித்து இறங்கும்போது ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். விமான நிலையத்துக்குள் டிக்கெட் வாங்கி நின்றவர்கள் தப்பினார்கள். இறந்தவர்கள் வெளியே சாலையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்கள். வளையத்தின் உச்சியில் 3,500 அடி இருந்திருக்க வேண்டிய விமானம் ஏறத்தாழ 2,700 அடியில்தான் இருந்தது என்று விசாரணை கண்டது; ஆட்கள் எடுத்திருந்த படங்களும் காணொளிகளும் அந்த ஆய்வுக்கு உதவின. அடிவானமும் மரமும் கட்டடமும் உள்ள படத்திலிருந்துதான் உயரத்தைக் கணிக்க முடியும், நீல வானத்தில் நிற்கும் ஹன்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் 2024 அக்டோபர் 6 அன்று விமானப் படையின் 92-ஆம் ஆண்டையொட்டி மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சிக்கு 15 லட்சம் பேர் வந்ததாகச் சொன்னார்கள். விமானங்களுக்கு எதுவும் ஆகவில்லை. நண்பகல் வெயிலிலும் நெரிசலிலும் வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாள் இரண்டு வகைப் படங்கள் வெளிவந்தன: கடலுக்கு மேல் புகைக்கோடு போட்ட விமானங்கள் ஒருபுறம், ரயில் நிலையங்களிலும் காமராஜர் சாலையிலும் பிதுங்கிய கூட்டம் மறுபுறம். இரண்டையும் ஒரே ஃபிரேமில் வைத்த படங்கள் மிகக் குறைவு. விமானப் படக்காரர் மேலே பார்த்தார், செய்திப் படக்காரர் கீழே பார்த்தார். அன்றைய நிகழ்ச்சி என்னவோ ஒன்றுதான்.

பாதுகாப்பு என்று ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. நிலத்தைச் சேர்த்து எடுத்தால் தளத்தின் அமைப்பு வெளியே தெரியும், சட்டம் அதை அனுமதிக்காது. இந்தியாவில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதி விமான நிலையத்தில் அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடுத்தது. 1923-இன் அரசாங்க ரகசியச் சட்டமும் இருக்கிறது. 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா விமானப் படைத் தளத்துக்குப் போன 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்தார்கள். குறிப்பேடுகளில் விமான எண்கள் இருந்தன. மறு ஆண்டு ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. எண்களை எழுதிச் சேகரிப்பது ஒரு பொழுதுபோக்கு என்பதைக் கீழ்நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. செயற்கைக்கோள்கள் எல்லாத் தளங்களையும் தினமும் படமெடுக்கும் காலத்தில் வேலிக்கு வெளியே நிற்பவரின் கேமராவுக்கு அஞ்சுவது பழைய பழக்கம் என்பது என் எண்ணம். படமெடுக்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ராணுவத்துக்கு உண்டு, அதைப் படக்காரர் மதிக்கவும் வேண்டும். அதற்காக அந்தத் தடையை ஓர் அழகியலாக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

நிலத்தையும் எண்ணையும் தேதியையும் விடாமல் பிடித்துக்கொண்ட படம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 ஜனவரியில் ஸ்பெயினின் பால்மா விமான நிலையத்தில் நின்ற ஒரு வெள்ளை போயிங் 737-ஐ ஓர் உள்ளூர் ஆர்வலர் படமெடுத்தார். வால் எண் என்.313.பி. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை: தரை, வாகனம், சாதாரணப் பகல் வெளிச்சம், பெயர் எழுதாத விமானம். அந்த மாதம் 23-ஆம் தேதி அந்த விமானம்தான் மாசிடோனியாவின் ஸ்கோப்யேவிலிருந்து காலித் எல்-மாஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனை, வேறொருவர் என்று தவறாகப் பிடிக்கப்பட்டவரை, சி.ஐ.ஏ.யின் ரகசியச் சிறைக்காக ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோனது. பத்திரிகையாளர்கள் விமானப் பறப்புப் பதிவுகளோடு இதுபோன்ற ஆர்வலர்களின் படங்களையும் குறிப்பேடுகளையும் சேர்த்துவைத்து அந்த ரகசியப் பயணங்களின் வழித்தடத்தைத் தீட்டினார்கள். 2012 டிசம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எல்-மாஸ்ரியின் பக்கம் தீர்ப்பளித்தது. விமானப் படப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பால்மா படம் முதல் சுற்றைத் தாண்டியிருக்காது. கண்காட்சிச் சுவருக்காக விமானத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளட்டும். வெட்டாத மூலப் படத்தையும், எடுத்த இடத்தையும் நாளையும் சேர்த்துப் பத்திரப்படுத்துகிற படக்காரரோடு எனக்கு வழக்கில்லை.